பரணிலிருந்து இறங்கிய லேப்டாப்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷின். காலை எட்டு மணிக்கு நல்ல பிள்ளையாக ஆரம்பிக்கும். பதினொரு மணி வாக்கில் மக்கர் பண்ணி நின்றுவிடும். சிவப்பு விளக்கு மட்டும் 'என்ன இப்போ?' என்கிற மாதிரி எரியும். அணைத்துவிட்டு, பெடஸ்டல் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தால் அரை மணியில் மனசு மாறி ஓடும். மறுபடி நிற்கும்.

பாட்டில் மூடி வார்க்கிற பிளாஸ்டிக் மெஷின் அது. 1986-ல் வாங்கியது. ஷெட் முதலாளிக்கு எழுபது வயசுக்கு மேல். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். மெஷின் ஓடினால்தான் அந்த ஆறு பேருக்கும் சனிக்கிழமை சம்பளம். பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. எலுமிச்சம்பழம் கட்டியாகிவிட்டது. எலெக்ட்ரீஷியன் இரண்டு பேர் வந்து, ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி, ஒரே மாதிரி பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். கன்ட்ரோல் பெட்டியைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது.

"பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்கன்றாங்க தம்பி. புதுசு என்ன விலை தெரியுமா? ஷெட்டையே வித்தாலும் பத்தாது" என்றார்.

எனக்கு ஆபீஸில் கணக்கு வழக்குதான் வேலை. ஆனால் சின்ன வயசிலிருந்தே சால்டரிங் இரும்பைத் தூக்கிக்கொண்டு அலைகிற வியாதி உண்டு. அது முதலாளி காது வரைக்கும் எட்டியிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கார்டு. அதில் வரிசையாக நாலு சிப். ஒவ்வொன்றுக்கும் 24 கால், நடு முதுகில் காகித ஸ்டிக்கர். ஓரமாக உரித்துப் பார்த்தால் குட்டியாக ஒரு கண்ணாடி ஜன்னல்!

ஜன்னல் வைத்த சிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பெயர் ஈப்ராம். 1971-ல் இன்டெல் கம்பெனியில் டோவ் ஃப்ரோமான் என்பவர் கண்டுபிடித்தது. கரன்ட் போனாலும் எழுதினது அழியாது. வேண்டாமென்றால் ஜன்னல் வழியாக அல்ட்ரா வயலட் வெளிச்சம் காட்டி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். முதல் சிப்பில் 256 பைட்தான் இடம். நீங்கள் காலையில் அனுப்புகிற 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படத்தில் ஒரு இதழின் ஓரம்கூட அதற்குள் அடங்காது.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு தீவு. சுற்றிலும் கண்ணாடி மாதிரி மின்சாரம் பாயாத மதில். அதிக வோல்டேஜ் கொடுத்து எலெக்ட்ரான்களை மதில் தாண்டிக் குதிக்க வைக்கிறார்கள். குதித்தது வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளும். எலெக்ட்ரான் மாட்டிய தீவு 0. காலித் தீவு 1. வழக்கமாக பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் சொல்வார்கள். இது நாற்பது வருஷமாக உள்ளே கிடக்கிறது! எவ்வளவு உயர்ந்த மதிலாக இருந்தாலும் சில பேர் மெல்ல நழுவிவிடுவார்கள் இல்லையா... நழுவ நழுவ 0 என்பது 1 மாதிரி தெரிய ஆரம்பிக்கும். சூடு ஏறினால் இன்னும் மோசம். தகரக் கூரை ஷெட்டில் பதினொரு மணி வெயில்! இப்போது புரிகிறதா, பூசணிக்காய் ஏன் வேலை செய்யவில்லை என்று?

நாலு சிப்பின் ஸ்டிக்கரிலும் யாரோ ஒரு புண்ணியவான் பேனாவால் நாலு எழுத்து எழுதி வைத்திருந்தார். மூன்றாவதில் 7ஏ3சி. மளிகைக் கடை பில்லின் அடியில் மொத்தம் போடுவார்களே, அது மாதிரி. சிப்பில் இருக்கிற 4,096 பைட்டையும் கூட்டினால் வருகிற தொகை. (கம்ப்யூட்டர்காரர்கள் பதினாறு பதினாறாக எண்ணுவார்கள். ஒன்பதுக்கு மேல் இலக்கம் தீர்ந்துபோய் ஏ, பி, சி என்று போவார்கள்.)

என்னிடம் யு.எஸ்.பி.யில் செருகுகிற சின்ன சிப் ரீடர் ஒன்று உண்டு. வீட்டில் டேபிள் லாம்ப் அடியில் வைத்துப் படித்தேன். மூன்று சிப் எழுதினபடி சரியாக இருந்தது. மூன்றாவது மட்டும் 7ஏ5சி என்றது. பத்து தடவை படித்தாலும் அதே 7ஏ5சி.

வித்தியாசம் சரியாக 32. ஒரு பைட்டுக்குள் எட்டு நாற்காலி. அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64, 128. ஆக, 32-ம் நம்பர் நாற்காலியில் ஒரே ஒரு ஆள் எழுந்து போயிருக்கிறார்! 32,768 பிட்டில் ஒரே ஒரு பிட். அதற்காக ஆறு பேர் வேலை ஆட்டம் காண்கிறது.

எந்த பைட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குளிரில் படித்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸில் (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்) சர்வர் ரூம் 18 டிகிரியில் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸில் சிப்பை வைத்துக்கொண்டு உள்ளே போனேன். வாட்ச்மேன், "என்ன சார், ஓவர்டைமா?" என்றார். "ஆமாம்ப்பா, குளிர் காயறேன்" என்றேன். அரை மணி ஊறவிட்டுப் பத்து தடவை படித்ததில் மூன்று தடவை 7ஏ5சி, ஏழு தடவை 7ஏ3சி! இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டதில் ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்டிக்கரில் எழுதிய அந்தப் பேனாக்காரரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

படித்தாகிவிட்டது. எழுத வேண்டுமே!

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. சிப்பின் ஜாதகம் 2732. படிக்க 5 வோல்ட் போதும். எழுத 25 வோல்ட் வேண்டும். என் யு.எஸ்.பி. பெட்டி 18-க்கு மேல் ஏறாது. பிற்பாடு வந்த 28 கால் சிப்புகள் அரை வோல்டேஜுக்கே எழுதும்தான், ஆனால் அதற்கு அடாப்டர் பலகை வைக்க வேண்டும். கன்ட்ரோல் பெட்டிக்குள் கார்டுகள் தீபாவளி சமயத்து ரங்கநாதன் தெரு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. விரல் நுழையாது. 25 வோல்ட் கொடுக்கிற புதுப் பெட்டிகளும் இருக்கின்றன. ஆனால் ஆர்டர் போட்டு, கப்பலோ விமானமோ ஏறி, கஸ்டம்ஸ் தாண்டி வருகிறவரைக்கும் சனிக்கிழமைகள் காத்திருக்குமா?

தாம்பரத்தில் சித்தப்பா ஞாபகம் வந்தது. பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். எதையும் தூக்கிப் போடமாட்டார்.

"புரோகிராமர்தானே? பரண்ல இருக்குடா. 1991-ல லேபுக்கு வாங்கினது. ஏலத்துல நானே எடுத்துட்டேன்."

(புரோகிராமர் என்றதும் பெங்களூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளையை நினைத்துவிடாதீர்கள். சிப்பில் எழுதுகிற பெட்டிக்கும் அதே பெயர்தான்.)

பரணிலிருந்து இறங்கியது. செங்கல் சைஸ் பெட்டி. மேலே லீவர் வைத்த பச்சை சாக்கெட். பின்னால் 25 ஓட்டை கனெக்டர். அந்தக் காலத்தில் பிரிண்டர் மாட்டுவோமே, அதே பேரலல் போர்ட். கூடவே ஒரு மூன்றரை இன்ச் ஃப்ளாப்பி, அதில் சாஃப்ட்வேர். ஃப்ளாப்பியின் மேல் சென்னை ஈரத்தில் பூஞ்சை பூத்து, ரவா லட்டு மாதிரி இருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவில் போட்டு, மூன்றாவது முயற்சியில் படித்துவிட்டோம்.

என் லேப்டாப்பில் பேரலல் போர்ட் கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் யு.எஸ்.பி. டு பேரலல் கேபிள் வாங்கினேன். மாட்டினால் 'பிரிண்டர் கிடைத்துவிட்டது' என்று விண்டோஸ் குதூகலித்தது. புரோகிராமர் செத்த பாம்பாகக் கிடந்தது. காரணம், அந்தக் கேபிளுக்குத் தெரிந்தது பிரிண்டருக்குப் பக்கம் பக்கமாக எழுத்தை அனுப்புவது மட்டும்தான். நம் சாஃப்ட்வேருக்கோ ஒவ்வொரு ஒயரையும் தன் கையாலேயே ஏற்றி இறக்க வேண்டும்.

அடுத்து, சித்தப்பா பையனின் பழைய டெஸ்க்டாப். நிஜமான பேரலல் போர்ட். ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி. 'போர்ட்டைத் தொட நீ யார்?' என்று சாஃப்ட்வேரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. சரி என்று டாஸ் ஃப்ளாப்பி போட்டுக் கிளப்பினால், 'ரன்டைம் எர்ரர் 200' என்று படுத்துக்கொண்டது.

சித்தப்பா சிரித்தார். "டர்போ பாஸ்கல்ல எழுதின சாஃப்ட்வேர்டா இது. ஆரம்பிக்கும்போதே, இந்த கம்ப்யூட்டர் 55 மில்லி செகண்ட்ல எத்தனை சுத்து சுத்தறதுன்னு எண்ணி, அதை 55-ஆல வகுக்கும். விடை 65,535-க்குள்ள வரணும். உன் மெஷின் சுத்தற சுத்துல விடை பாத்திரம் வழிஞ்சு போச்சு."

"இதுக்கு ஏதோ ஒட்டு போடலாம்னு படிச்சேனே சித்தப்பா?"

"போடலாம். ஆனா இந்த சிப்புக்கு ஒரு பைட்டுக்கு 50 மில்லி செகண்ட் 25 வோல்ட் காட்டணும். குறைஞ்சா எழுதாது, கூடினா சிப்புக்கு ஆகாது. மத்த இடத்துலயும் இவன் சுத்தை எண்ணித்தான் நேரம் பார்க்கிறானோ என்னவோ, யார் கண்டா? இதுக்குத் தோதா நிதானமான ஆள் ஒருத்தன் இருக்கான், இரு."

மறுபடி பரண். இந்தத் தடவை இறங்கியது லேப்டாப். லேப்டாப் என்றால், மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகிற ஜாதி. 386 சிப், 20 மெகாஹெர்ட்ஸ், 2 மெகாபைட் மெமரி, கலர் கிடையாது. பழைய இங்க் மாதிரி நீலத் திரை.

"உயிர் இருக்கா?" என்றேன்.

"நமக்கே இருக்கே" என்றார் சித்தி, காப்பி வைத்துவிட்டு.

பேட்டரி பச்சையாகக் கசிந்து உறைந்திருந்தது. கழற்றி வீசிவிட்டு அடாப்டரில் போட்டோம். ஹார்ட் டிஸ்க் 'ட்டிக்... ட்டிக்...' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு நிரந்தரமாக அமைதியானது. ஃப்ளாப்பி டிரைவ் மட்டும்தான் கதி. அதைத் திறந்தால் உள்ளே ரப்பர் பெல்ட் அல்வாவாக உருகிக் கையில் ஒட்டியது. டேப்ரிக்கார்டர் பெல்ட் விற்கிற கடை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் இருக்கிறது. ஏழெட்டு சைஸ் அள்ளிக்கொண்டு வந்ததில் ஒன்று பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் டிரைவ் கர்ர்... கர்ர்... என்று பல் தேய்த்து, திரையில் டாஸ் வந்து தேதி கேட்டது. தானாகக் காட்டின தேதி: 1980 ஜனவரி 1. உள் பேட்டரி செத்துப்போனால் டாஸுக்கு உலகம் அன்றைக்குத்தான் பிறக்கிறது. தீராத கடன் உள்ளவர்களுக்கு மிகவும் வசதியான மெஷின்.

சாஃப்ட்வேர் எர்ரர் இல்லாமல் ஓடியது! ஆனால் 'புரோகிராமரைக் காணோம்' என்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போயிற்று. முதலில் விலாசம் தப்பு. பேரலல் போர்ட்டுக்குக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கதவு எண் உண்டு. சாஃப்ட்வேர் 378 என்ற கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்போ 3பிசி என்ற கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. செட்டப்பில் போய் மாற்றினோம். உள் பேட்டரி இல்லாததால், ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் மறந்துவிடும். மறுபடி மாற்றவேண்டும். மாற்றியும் 'காணோம்'தான்.

கேபிள் மேல் சந்தேகம் வந்தது. இந்த மாதிரிப் பெட்டிகள் பேசுகிற அழகே தனி. பேரலல் போர்ட் பிறந்தது பிரிண்டருக்காக. போவதற்கு எட்டு ஒயர் உண்டு. திரும்பி வருவதற்கு ஐந்துதான், அதுவும் பிரிண்டர் தன் கஷ்டத்தைச் சொல்வதற்காக. 'வேலையாயிருக்கிறேன்', 'பேப்பர் தீர்ந்துவிட்டது', 'கோளாறு' என்று அவற்றுக்குப் பெயரே அப்படித்தான். புரோகிராமர் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். சிப்பில் படித்ததை இந்தப் புலம்பல் ஒயர்களிலேயே நாலு நாலு பிட்டாகத் திருப்பி அனுப்புகிறார்கள். லேப்டாப்புக்கு 'பேப்பர் இருக்கு, இல்லை, இல்லை, இருக்கு' என்று கேட்கும். அதுதான் தகவல்!

மல்டிமீட்டரை எடுத்து, புதுசாக வாங்கின கேபிளை முனைக்கு முனை தட்டிப் பார்த்தேன். 25 கால். உள்ளே ஓடுவது 18 ஒயர். மிச்சத்தைக் கேபிள் செய்தவர் சேமித்துவிட்டார். அப்படிச் சேமித்ததில் 12-ம் நம்பர் காலும் ஒன்று. அது என்ன ஒயர் தெரியுமா? சாட்சாத் 'பேப்பர் தீர்ந்துவிட்டது'!

ஒரு துண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார். சித்தி, "கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படிச் சிரிக்கலை" என்றார்.

உடனே சிப்பைச் செருகியிருப்பேன். சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல காலி சாக்கெட்ல வோல்ட்டை அளந்து பாரு." அளந்தால் 22.4. முப்பது வருஷத்தில் உள்ளே கன்டென்சர்கள் காய்ந்து போயிருந்தன. விலை சில ரூபாய்தான், இரண்டை மாற்றி, குட்டித் திருகைக் கொஞ்சம் திருப்பினதும் 25.1-ல் நின்றது. வாத்தியார் சொல் கேட்காமல் 22.4-லேயே எழுதியிருந்தால், எழுதினது போல் பாவனை காட்டிவிட்டு அடுத்த வெயிலில் மறுபடி நின்றிருக்கும்.

பழைய சிப் மேலேயே மறுபடி எழுதிப் புதுப்பிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நழுவிய எலெக்ட்ரானைத் திரும்ப உள்ளே தள்ளுகிற வழி. நடக்கக்கூடியதுதான். ஆனால் இருப்பது ஒரே அசல் பத்திரம். அதன் மேல் யாராவது கிறுக்குவார்களா? பழைய போர்டுகளை எடைக்கு விற்கிற கடையில் 2732 மூன்று தேற்றினேன். அவற்றில் யாருடைய புரோகிராமோ இருந்தது. அழிக்க வேண்டும்.

அழிக்க 253.7 நானோமீட்டர் அல்ட்ரா வயலட் வேண்டும். வெயிலில் வைத்தால் சுமார் ஒரு வாரம். ஆபீஸ் டியூப்லைட் அடியில் வைத்தால் மூன்று வருஷம்! (ஜன்னலுக்கு ஏன் ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று புரிகிறதா?) சரியான விளக்கு இருந்தால் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த விளக்கு எங்கே கிடைக்கும்? உங்கள் வீட்டுச் சமையலறையில்! யு.வி. வாட்டர் ஃபில்டருக்குள் கிருமியைக் கொல்கிறதே, அதே வெளிச்சம்தான். கழற்றி, பிஸ்கட் டின்னுக்குள் சிப்பையும் விளக்கையும் வைத்து மூடினேன். மூடாமல் பார்த்தீர்களோ, கண் போய்விடும், ஜாக்கிரதை.

முதல் சிப் அழியவே இல்லை. நாற்பது நிமிஷம் வைத்தும் பழைய எழுத்து பிடிவாதமாக இருந்தது. தண்ணீர் ஃபில்டரைக் காணாமல் தேடி வந்த என் மனைவி டின்னை எட்டிப் பார்த்தாள்.

"கண்ணாடி மேல ஸ்டிக்கர் பசை இருக்கே. புது எவர்சில்வர் பாத்திரத்துல எடுக்கற மாதிரி தேங்காய் எண்ணெய் தடவுங்க."

தடவினேன். பசை வந்தது. எண்ணெயையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு இருபது நிமிஷம் வைத்ததும் சிப் பிறந்த குழந்தை மாதிரி காலியாகிவிட்டது. எல்லா பிட்டும் 1. ஐ.டி. படித்த மூன்று பேரிடம் கேட்டுக் கிடைக்காத பதில் இது.

அன்றைக்கு ராத்திரி தாம்பரத்தில், ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டு, சிப்பைச் செருகி, லீவரைச் சாய்த்து, என்டரைத் தட்டினேன். ஒரு பைட்டுக்கு 50 மில்லி செகண்ட், 4,096 பைட். கணக்குப்படி 3 நிமிஷம் 25 செகண்ட். நீலத் திரையில் எண் மெதுவாக ஏறிக்கொண்டே வந்தது. அந்த சமயம் பார்த்துத் தாம்பரத்தில் கரன்ட் போகக்கூடாதே என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. லேப்டாப்பில்தான் பேட்டரி கிடையாதே! சித்தப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. சரிபார்த்துவிட்டு அது காட்டிய கூட்டுத்தொகை...

7ஏ3சி.

யாரும் பேசவில்லை. சித்தப்பா பழைய ரெனால்ட்ஸ் பேனா ஒன்றைத் தேடி எடுத்து, புது ஸ்டிக்கரில் அந்த நாலு எழுத்தைப் பொறுமையாக எழுதி, ஜன்னல் மேல் ஒட்டினார்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு. (பாட்டி ஏற்கெனவே இரண்டு தடவை இறந்துவிட்டதால் இந்தத் தடவை ஜுரம்.) எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. பத்தரைக்குத் தகரக் கூரை கொதித்தது. ஆறு பேரும் வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினொன்று. பதினொன்றே கால். டப்... டப்... என்று மூடிகள் கூடையில் விழுந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டரைக்கு யாரோ பெடஸ்டல் ஃபேனை மெஷினிடமிருந்து மனிதர்கள் பக்கம் திருப்பினார்கள்.

"எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துடலாமா ஐயா?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி" என்றார் முதலாளி. பிறகு கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்தார். "மத்த மூணு சிப்பும் அதே வயசுதானே?"

"அதே வயசுதான்."

"சாயங்காலம் மெஷினை நிறுத்தினதும் கழட்டித் தரேன். உங்க சித்தப்பா வீட்ல இருப்பாரா?"